எப்படி இருக்கிறீர்கள்

விபத்து நடந்த பதினோராம் நாள்
இன்சூரன்ஸ் கம்பெனியின் பிரெண்ட் ஹாலரன் அழைத்தான்.
குரலில் தேன் ஒழுகவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.
சளி பிடித்திருந்தது அவனுக்கு.
பின்னால் ஒரு குழந்தை
காலுறை ஒன்றைக் காணோமென்று அழுதுகொண்டிருந்தது.
"எப்படி இருக்கிறீர்கள், மிஸஸ் டெய்கிள்?"
"நல்லா இருக்கேன். நீங்க?"

அவ்வளவுதான்.
கட்டுக்குள் கை உலையாய்க் கொதிக்க,
மாத்திரை மயக்கத்தில்
சுவர்க் காலண்டர் இரண்டாகத் தெரிய,
வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.
மெய்ன் மாநிலத்தின் இந்த வடகோடியில்
வேறு பதிலை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
கிடங்கு எரிந்த மறுநாள்
லியோ திபோடோ புருவமெல்லாம் கருகிக் கடைக்கு வந்தான்.
அவனும் இதைத்தான் சொன்னான்.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டான்.
உருளைக்கிழங்கு சீவும் நான்காம் வரிசை,
தடுப்புத் தகடு அக்டோபரிலேயே கழன்றது,
கயிறு போட்டுக் கட்டியிருந்தோம் என்றேன்.
"கட்டியது யார்?"
நாங்கள்தான்.
விசைப்பலகையின் ஓசை,
கோழி தானியம் கொத்துவதுபோல.
கட்டச் சொன்னது யாரென்று அவன் கேட்கவில்லை.
கேட்காவிட்டால் என்ன, நானாகச் சொல்லியிருக்கலாமே என்று
இரண்டு மாதமாய்ப் புரண்டு படுக்கிறேன்.

பிறகு ஒரு நர்ஸ் வந்தாள், டார்லீன்.
அவர்கள் அனுப்பியவள். எனக்குத் துணையாம்.
மருத்துவர் கட்டைப் பிரிக்கையில்
உள்ளேயே வந்து உட்கார்ந்தாள்.
கையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள்.
"லேசான வேலைக்கு எப்போது திரும்பலாம், டாக்டர்?"

லேசான வேலை என்பது
ஜன்னலில்லாத அறையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து
ரப்பர் கையுறைகளை ஜோடி சேர்ப்பது.
இடது, வலது.
இடது, வலது.
ஒவ்வொன்றிலும் முழுசாய் ஐந்து விரல்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
"தாம் நலமாக இருப்பதாக உரிமை கோருபவர் தெரிவித்தார்."
தேதி, மணி, நிமிடம்.
என் ஊர்ப் பேச்சு
எவ்வளவு நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போயிருக்கிறது!
அடுத்த தாளில் ஒரு புகைப்படம்.
நாய்த்தீனி மூட்டையை இடது தோளில் ஏற்றிக்கொண்டு
காருக்குப் போகிறாள் ஒருத்தி.
தொப்பியை வைத்துத்தான் அது நானென்று தெரிந்தது.
வலது கை கோட்டுப் பைக்குள் இருக்கிறது.
இல்லாத விரல்கள் படத்தில் விழவில்லை
என்பது உண்மைதான்.

விரலுக்கு இத்தனை வாரக் கூலி என்று
அட்டவணை ஒன்றும் இணைத்திருந்தார்கள்.
அர்மான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
விதை விலைப்பட்டியல் வாசிக்கும் அதே குரலில் வாசித்தான்.
கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல்.
'முதல் கணு வரை இழந்தால் பாதி'
என்ற இடத்தில் நின்றுவிட்டான்.
எழுந்து போய்,
ஏற்கெனவே நிறைந்திருந்த அடுப்புக்குள்
இன்னொரு விறகைத் திணிக்கப் பார்த்தான்.

நேற்று மறுபடி அழைப்பு.
சளி குணமாகியிருந்தது.
"எப்படி இருக்கிறீர்கள், மிஸஸ் டெய்கிள்?"

வண்டிச் சத்தம் கேட்ட நாய்போல
அந்தச் சொல் வாசல்வரை ஓடி வந்துவிட்டது.
பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"ஹலோ? லைனில் இருக்கிறீர்களா?"

"இங்க பனி பெய்யுது," என்றேன்.
"காலைலேர்ந்து. எழுதிக்குங்க.
படிக்கட்டில் இன்னும் யாரும் பனி வாரலை.
கோட்டுக்கு நாலு பொத்தான்,
போட்டு முடிக்கறதுக்குள்ள காப்பி ஆறிப்போச்சு.
அதையும் எழுதிக்குங்க.
தகட்டைக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னது
ஷிப்ட் மேலாளர் வெண்டல் க்ரௌஸ்.
க்ரௌஸ். எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா?
அப்புறம், அந்தக் குழந்தையோட காலுறை,
அது கிடைச்சுதா?"

வெகுநேரம்
கோழி ஒன்றும் கொத்தவில்லை.